ஓரிரு இடங்களில் மழை... அந்த ஓரிரு இடம் எது?

ஐப்பசி பிறந்துவிட்டால் தமிழ்நாட்டு மாணவர்களுக்கு வானிலை அறிக்கை மேல் தனிப் பாசம் வந்துவிடும். சென்னை வானிலை மையத்தில் ரமணன் இருந்த காலத்தில் (அவர் 2016 மார்ச்சில் ஓய்வு பெற்றார்) அவர் டிவியில் தோன்றினாலே பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான். அவரை வைத்து வந்த மீம்ஸ்களுக்குக் கணக்கே கிடையாது. காரணம் மழை இல்லை, லீவு! மழை கொட்டினாலும் சரி, லீவு விட்ட பிறகு வெயில் பல்லைக் காட்டினாலும் சரி, கலெக்டர் அறிவிப்பு வந்துவிட்டால் போதும். அறிக்கை தப்பிப் போனால் மாணவனுக்கு எந்த நஷ்டமும் இல்லை.

அதே அறிக்கையை உவரியில் ஒரு மீனவர் கேட்கும்போது கதையே வேறு.

உவரி திருநெல்வேலி மாவட்டத்துக் கடலோர ஊர். புனித அந்தோணியார் திருத்தலம், சுயம்புலிங்க சுவாமி கோயில், கப்பல் வடிவில் கட்டிய கப்பல் மாதா ஆலயம் என்று வெளியூர்க்காரர்கள் அறிந்த அடையாளங்கள் பல. 'ஆழி சூழ் உலகு', 'கொற்கை' நாவல்களை எழுதிய ஜோ டி குரூஸ் பிறந்த ஊரும் இதுதான். 'உவரி' என்றாலே உவர்நீர், கடல் என்றுதான் பொருள். பெயரிலேயே கடல் இருக்கிற ஊர்.

இந்த ஊரில் இரவு வானிலை அறிக்கை கேட்பவருக்கு ஒரே ஒரு கேள்விதான். நாளைக்குக் கடலுக்குப் போகலாமா, வேண்டாமா? போகாவிட்டால் அன்றைய வருமானம் இல்லை, படகுக் கடன் மட்டும் நிற்காது. போய்விட்டால், அறிக்கை தப்பாக இருந்தால், திரும்பி வருவதே சந்தேகம். இந்தக் கேள்விக்கு அவருக்குக் கிடைக்கும் பதில் என்ன? "தென் தமிழக கடலோர மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் கூடிய லேசானது முதல் மிதமான மழை பெய்யக்கூடும்."

அந்த ஓரிரு இடத்தில் உவரி உண்டா, இல்லையா?

வெளிநாட்டு வானிலைச் செய்திகளைப் பார்ப்பவர்களுக்கு ஒரு ஆச்சரியம் வரும். அமெரிக்காவில் ஃபுளோரிடா போன்ற கடலோர மாநிலத்தில், "வெள்ளிக்கிழமை மாலை குளிர் வளிமுகம் கடக்கும், அப்போது மழை உண்டு, சனிக்கிழமை காலை குளிர்ந்து வானம் தெளியும்" என்று சொல்கிறார்கள். பெரும்பாலும் அப்படியே நடக்கிறது. வெள்ளிக்குக் குடை, சனிக்கு ஸ்வெட்டர். கிட்டத்தட்ட ரயில்வே டைம்டேபிள் மாதிரி!

குளிர் வளிமுகம் என்பது பள்ளிப் புவியியல் பாடத்தில் வந்த சொல்தான். குளிர்ந்த கனமான காற்று ஒரு பக்கம், வெதுவெதுப்பான ஈரக்காற்று ஒரு பக்கம். இரண்டும் சந்திக்கும் எல்லைக்குப் பெயர் வளிமுகம். குளிர்காற்று முன்னேறி வரும்போது ஆப்பு வைத்தது போல வெப்பக்காற்றின் அடியில் நுழைந்து அதை மேலே தூக்கும். தூக்கிய காற்று குளிர்ந்து மேகமாகி மழை கொட்டும். எல்லைக்கோடு கடந்ததும் காற்றின் திசை மாறும், வெப்பநிலை சட்டென்று இறங்கும். நார்வேயின் பெர்கன் நகரில் வில்ஹெல்ம் பியர்க்னஸும் அவர் மகன் ஜேக்கப்பும் சேர்ந்த குழு, முதல் உலகப் போர் முடிந்த காலத்தில் இந்தக் கருத்தை உருவாக்கியது. போர்முனைக்குச் சொல்லும் வார்த்தையையே எடுத்து இந்தக் காற்று எல்லைக்கும் வைத்தார்கள். வரைபடத்தில் கோடு போட முடிகிற, வேகத்தை அளக்க முடிகிற ஒரு பொருளாக மழை ஆனது அப்போதுதான்.

உவரி இருப்பதோ பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில், 8 டிகிரி வடக்கை ஒட்டி. இங்கே இப்படி மோதிக்கொள்ளும் அளவுக்குக் குளிர்ந்த காற்றே வருவதில்லை. சைபீரியாவின் குளிர்காற்றை இமயமலை மறித்துவிடுகிறது. கிழக்கு ஆசியா பக்கமாக இறங்கி தென்சீனக் கடல், வங்கக் கடல் என்று சுற்றி வரும் காற்று, இங்கு வந்து சேர்வதற்குள் கடல் சூட்டில் வெதுவெதுப்பாகி ஈரத்தையும் குடித்துவிடும். அது மழைக்கு உதவும், ஸ்வெட்டர் போட வைக்காது.

ஆக, உவரிக்கு மழை ஒரு கோடாக வருவதில்லை, திட்டுத் திட்டாக வருகிறது. ஒரு ஊரில் கொட்டும், அடுத்த ஊரில் தூறல்கூட இருக்காது. ஃபுளோரிடாவின் குளிர்கால மழையைக் கணிப்பதைவிட இதைக் கணிப்பது கஷ்டம் என்பது உண்மை. வானிலை மையத்தைத் திட்டுகிற எவரும் முதலில் ஒத்துக்கொள்ள வேண்டிய விஷயம் இது. இந்தக் கட்டுரையின் குறையும் கணிப்பைப் பற்றியது அல்ல. கணித்ததைச் சொல்லும் விதத்தைப் பற்றியது.

சொல்லும் விதத்துக்கு முதல் உதாரணம், அந்த 'ஓரிரு இடங்களில்'. இது ஏதோ மழுப்பல் வார்த்தை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இல்லை, அதற்குத் திட்டவட்டமான கணக்கு உண்டு. ஒரு பகுதியில் உள்ள மழைமானி நிலையங்களில் நான்கில் ஒரு பங்கு அல்லது அதற்குக் குறைவானவற்றில் மழை பதிவாகும் என்றால் 'ஓரிரு இடங்கள்'. அதைத் தாண்டி பாதி வரை என்றால் 'சில இடங்கள்'. அதற்கு மேலே இன்னும் இரண்டு படி உண்டு. அலுவலகத்தில் உட்கார்ந்து கூட்டிக் கழிப்பவருக்கு இது மிகச் சரியான சொல். கேட்பவருக்கு? அந்தக் கணக்கை யாரும் அவருக்குச் சொன்னதே இல்லை. சொன்னாலும் அது மழைமானிகளின் சதவீதம்தானே தவிர உவரி இல்லை.

மழையின் அளவும் அப்படித்தான். 24 மணி நேரத்தில் 7 முதல் 11 செ.மீ. வரை கனமழை. 12 முதல் 20 வரை மிக கனமழை. 21 செ.மீ.க்கு மேல் எல்லாமே அதி கனமழை. அதற்கு மேல் படியே கிடையாது. 22 செ.மீ. பெய்தாலும் அதி கனமழை, 90 செ.மீ. பெய்தாலும் அதி கனமழை!

90 என்பது பேச்சுக்குச் சொன்ன எண் இல்லை. 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. பெய்தது. உவரியிலிருந்து நேர்கோட்டில் நாற்பது கிலோமீட்டர்தான். தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு வருடம் முழுக்கப் பெய்யும் சராசரி மழையைவிட அதிகம், ஒரே நாளில். திருச்செந்தூரில் 69 செ.மீ. தாமிரபரணி கரையை உடைத்துக்கொண்டு ஓடியது. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் நூற்றுக்கணக்கானோர் வெள்ளத்துக்கு நடுவே சிக்கிக்கொண்டு, சாப்பாட்டுக்கு ஹெலிகாப்டரை எதிர்பார்த்துக் காத்திருந்தார்கள்.

இதைச் செய்தது புயலா? இல்லை. காற்றழுத்தத் தாழ்வு மண்டலமா? அதுவும் இல்லை. குமரிக்கடல் பகுதியில் நிலைகொண்டிருந்த ஒரு வளிமண்டலச் சுழற்சி. அதற்குப் பெயர் கிடையாது. துறைமுகத்தில் எத்தனையாம் நம்பர் கூண்டு ஏறியிருக்கிறது என்று பார்த்தே ஆபத்தை எடை போட்டுப் பழகிய மக்களுக்கு, பெயரில்லாத ஒன்று இத்தனை பெரிதாக இருக்கும் என்று எப்படித் தோன்றும்?

அதற்குப் பிறகு நடந்தது அரசியல். எச்சரிக்கை போதுமானதாக இல்லை என்றது மாநில அரசு. முன்கூட்டியே சொல்லியாயிற்று என்றது மத்திய அரசு. இரண்டு பக்கமும் எந்த நாளில், எந்த நிற எச்சரிக்கை என்று வாதாடினார்கள். இந்தச் சண்டையில் கேட்கப்படாத கேள்வி ஒன்று உண்டு. 'அதி கனமழை' என்ற அந்த வார்த்தை தாமிரபரணிக் கரையில் இருந்த ஒருவரை, மாடியில் ஏறு, மாட்டை அவிழ்த்துவிடு, ஸ்டேஷனுக்குப் போகாதே என்று செய்ய வைக்கிற வார்த்தையா? ஒவ்வொரு வருடமும் நாலைந்து தடவை கேட்டு, தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றதோடு முடிந்துபோன வார்த்தை அது. அன்றைக்கும் அதே வார்த்தைதான்.

இதற்கு ஆறு வருடம் முன்பு ஒக்கி. 2017 நவம்பர் 29 அன்று காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக இருந்தது, 30ஆம் தேதி காலையில் புயல். ஒரே நாளில் இந்த வேகம். குமரிமுனைக்கு அருகே கடந்து லட்சத்தீவு பக்கம் போனது. கரையில் முறிந்த மரங்களைவிடப் பெரிய சோகம் கடலுக்குள் நடந்தது. தங்கு கடல் தொழிலுக்குப் போனவர்கள் பல நாள் முன்பே கிளம்பிப் போயிருந்தார்கள். செல்போன் அலை கரையிலிருந்து சில மைல்களோடு நின்றுவிடும். அவர்களுக்குச் செய்தி போய்ச் சேர வழியே இல்லை. குமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் ஆள் இழந்தன. பலருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை. "மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்" என்ற வாக்கியம் கரையில் நிற்பவருக்கானது. ஏற்கெனவே கடலில் இருப்பவருக்கு அதில் ஒன்றுமே இல்லை. ஒக்கிக்குப் பிறகுதான் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் நாவிக் கருவி, டிரான்ஸ்பாண்டர் என்றெல்லாம் பேச்சு சூடு பிடித்தது.

மூன்றாவது சம்பவம் இன்னும் விசித்திரமானது. குளிர் வளிமுகம் உவரிக்கு மழையாக வராது என்று மேலே பார்த்தோம். அலையாக வரும்!

ஆப்பிரிக்காவுக்குத் தெற்கே, அண்டார்டிகாவை ஒட்டிய கடலில் குளிர்காற்றும் வெப்பக்காற்றும் மோதி பெரும் புயல்கள் எழுகின்றன. குளிர் வளிமுகங்களோடு வருகிற அசல் குளிர்ப் புயல்கள். அவை கிளப்பும் அலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்து, சில நாள் கழித்து கேரள, குமரிக் கரைகளில் வந்து மோதும். இங்கே அப்போது காற்றும் இருக்காது, மேகமும் இருக்காது. பளிச்சென்று வெயில் அடிக்கும், கடல் மட்டும் திடீரென்று பொங்கும். திருடனைப் போலச் சொல்லாமல் வருவதால் கேரள மீனவர்கள் இதற்கு வைத்த பெயர் கள்ளக்கடல். 2012இல் யுனெஸ்கோவும் இந்தச் சொல்லை ஏற்றுக்கொண்டது.

2024 மே மாதத் தொடக்கத்தில் இப்படி ஒரு கள்ளக்கடல் வரும் என்று ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் எனும் கடல் தகவல் மையம் எச்சரித்திருந்தது. கணிப்பு சரியாகவே இருந்தது. ஆனால் மே 6ஆம் தேதி குமரி மாவட்டம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் சிக்கி இறந்தார்கள். திருமணத்துக்கு வந்த இடத்தில் கடலைப் பார்க்கப் போனவர்கள். வானத்தைப் பார்த்தால் ஆபத்துக்கான அடையாளம் எதுவும் தெரியாத நாளில், வெளியூர்ப் பிள்ளைகளிடம் "இன்றைக்கு இறங்காதே" என்று அழுத்திச் சொல்லும் குரல் அந்த மணலில் இருந்திருக்க வேண்டும். அறிவியல் தன் வேலையைச் செய்தது. செய்தி கடைசி நூறு மீட்டரைத் தாண்டவில்லை.

மூன்று சம்பவங்களிலும் குறை ஒரே மாதிரிதான். ஒன்றில் அளவைச் சொல்ல வார்த்தை இல்லை. ஒன்றில் கேட்க வேண்டியவர் காதுக்கு வழி இல்லை. ஒன்றில் சொல்ல ஆள் இல்லை.

இதற்கு வழக்கமாக வரும் பதில், "எவ்வளவு சொன்னாலும் மீனவர்கள் கேட்பதில்லை" என்பது. இது பாதி உண்மை. மீதிப் பாதி என்னவென்றால், குமரிக்கடல், மன்னார் வளைகுடா, தென்மேற்கு வங்கக் கடல் என்று மூன்றையும் ஒரே வரியில் அடைத்து, நாலைந்து நாளைக்குச் சேர்த்து ஒரு எச்சரிக்கை வருகிறது. அதில் இரண்டு நாள் உவரியில் கடல் கண்ணாடி மாதிரி கிடக்கும். வீட்டில் அரிசி இல்லாமல் கரையில் உட்கார்ந்து அந்த அமைதியான கடலைப் பார்த்தவர், அடுத்த எச்சரிக்கையை நம்புவாரா? தேவைக்கு மேல் அகலமாகச் சொல்லும் ஒவ்வொரு எச்சரிக்கையும் அடுத்த எச்சரிக்கையின் மதிப்பைக் குறைக்கிறது. "எதற்கும் சொல்லி வைப்போம்" என்பது அலுவலகத்துக்குப் பாதுகாப்பு, மீனவருக்கு இல்லை.

இன்னொன்று, மொழி. "வடகிழக்குத் திசையிலிருந்து மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் தரைக்காற்று" என்பது சரியான தமிழ்தான். ஆனால் கடற்கரையில் காற்றுக்குத் தனிப் பெயர்கள் உண்டு. வடக்கேயிருந்து வருவது வாடை, கிழக்கேயிருந்து கொண்டல், மேற்கேயிருந்து கச்சான். கடலுக்குள் ஓடும் நீரோட்டத்துக்கு நீவாடு. ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல் என்று ஊரே கிளம்பிப் போகும்போது, மலை மழையையெல்லாம் வாங்கிக்கொள்ள, கணவாய் வழியே வரும் வறண்ட மேல்காற்று மட்டும்தான் இந்தப் பக்கத்துக்கு. முப்பந்தல் காற்றாலைகளைச் சுற்றுவதும், தேரிக்காட்டுச் செம்மண்ணை வாரி இறைப்பதும் அந்தக் காற்றுதான். ஐப்பசி, கார்த்திகையில் காற்று திரும்பினால்தான் மழை. இந்த ஊர்க்காரர்கள் வருடத்தைப் பிரிப்பதே காற்றை வைத்து. அவர்களிடம் போய் பாகையும் கிலோமீட்டரும் மட்டும் பேசினால் எப்படி?

பழைய அனுபவ அறிவே போதும், விஞ்ஞானம் வேண்டாம் என்று சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரே நாளில் புயலான ஒக்கியையும், உலகின் அடியிலிருந்து வரும் அலையையும் உவரிக் கரையிலிருந்து மேகத்தைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. செயற்கைக்கோளும் கம்ப்யூட்டரும்தான் சொல்ல முடியும். அவை சொன்னதை இந்த ஊர்ச் சொல்லில் சொல்ல வேண்டும், அவ்வளவே.

முடியுமா? ஏற்கெனவே செய்து காட்டியிருக்கிறார்கள். 1998இல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிப் பக்கத்துக் கிராமங்களில் தகவல் மையங்கள் ஆரம்பித்தது. வீராம்பட்டினம் என்ற மீனவர் ஊரில், அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரக் கணிப்பை எடுத்து, தமிழில் சொல்லி, ஒலிபெருக்கியில் ஊர் முழுக்கக் கேட்க வைத்தார்கள். ஸ்மார்ட்போன் ஊருக்குள் வராத காலம் அது! 2004 டிசம்பர் 26 அன்று நல்லவாடு கிராமத்தில், சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு போன் எச்சரிக்கையை அதே மாதிரி ஒலிபெருக்கியில் அறிவித்ததால் ஊர் மக்கள் சுனாமியிலிருந்து தப்பினார்கள். காப்பாற்றியது கோடி ரூபாய்க் கருவி இல்லை. ஒரு போன், ஒரு குழாய் ஸ்பீக்கர், ஊர் நம்பும் ஒரு குரல்.

பெரிய அளவிலும் உதாரணம் உண்டு. ஒடிசாவில் 1999 சூப்பர் புயலில் கிட்டத்தட்ட பத்தாயிரம் பேர் செத்தார்கள். 2013இல் பைலின் புயல் வந்தபோது ஏறத்தாழ பத்து லட்சம் பேரை முன்கூட்டியே அப்புறப்படுத்தினார்கள். பலி எண்ணிக்கை நூறைத் தொடவில்லை. இடையில் கணிப்பும் முன்னேறியது, ஆனால் கணிப்பு மட்டும் முன்னேறவில்லை. எந்த ஊர், எந்தக் கட்டடம், யார் போய்க் கதவைத் தட்டுவது என்பதையும் எழுதி வைத்து ஒத்திகை பார்த்தார்கள்.

உவரிக்குத் தேவையானதும் அதிகமில்லை. திருநெல்வேலி மாவட்டக் கடற்கரையில் கூடுதாழை, கூட்டப்பனை, உவரி, கூத்தங்குழி, இடிந்தகரை, பெருமணல், கூட்டப்புளி என்று எண்ணி எடுத்தால் விரல்களுக்குள் அடங்கும் ஊர்கள்தான். ஒவ்வொரு நாளும் இந்த ஊர்ப் பெயர்களைச் சொல்லி ஒரு அறிக்கை வரலாம். எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை ஆபத்து என்று சொல்லலாம். 'அதி கனமழை'யோடு நிறுத்தாமல், "2023 டிசம்பர் மாதிரி வாய்ப்பு இருக்கிறது" என்று மக்கள் நினைவில் இருக்கும் அளவுகோலை வைத்துச் சொல்லலாம். உறுதி இல்லாதபோது, "பத்தில் மூன்று வாய்ப்பு" என்று ஒளிக்காமல் சொல்லலாம். கடலில் இறங்கத் துணிந்தவர்களுக்கு வாய்ப்புக் கணக்கு புரியாது என்று நினைப்பது அறியாமை. கோயில் ஒலிபெருக்கி ஏற்கெனவே இருக்கிறது, அதில் ஊர்க்காரர் குரலில் ஒலிக்கலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, மறுநாள் வந்து நேற்றுச் சொன்னது பலித்ததா இல்லையா என்றும் அதே ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டும். 'தமிழ்நாடு வெதர்மேன்' பிரதீப் ஜானை லட்சக்கணக்கானோர் பின்தொடர்வதற்கு அவர் ஊர்ப் பெயர் சொல்லி, காரணம் சொல்லி எழுதுவது ஒரு முக்கியக் காரணம். ஒரு தனி மனிதர் செய்யும் இந்த வேலையை அரசுத் துறையும் செய்ய முடியும்.

மாணவர்களுக்கு லீவு தப்பினால் மறுநாள் வகுப்பு, அவ்வளவுதான். உவரியில் கேட்கும் கேள்விக்கு அப்படி மறுநாள் இல்லாமலும் போகலாம். அதனால்தான் அந்தக் கரைக்குப் போகும் அறிக்கையில் 'ஓரிரு இடங்கள்' இருக்கக் கூடாது. உவரி என்ற பெயர் இருக்க வேண்டும்.